நடந்து போய்ப் பாடட்டும், விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் நெல்லைக்காரர் ஒருவர் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களில் சபைகளிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸை நிறுத்திவிட வேண்டும், ஒரு வேனில் ஒலிபெருக்கியைக் கட்டித் தெருமுனைக்குத் தெருமுனை நின்று பாடினால் போதும் என்கிறார். அவர் சொன்ன முதல் இரண்டு காரணங்கள் போக்குவரத்து நெரிசலும் ஊரார் தூக்கம் கெடுவதும். அதில் நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். மூன்றாவது காரணம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. வயதுப் பையன்களும் பெண்பிள்ளைகளும் ராத்திரியில் சேர்ந்து நடப்பதால் தேவையில்லாத காதல்கள் வளர்கின்றன, சபைக்குக் கெட்ட பெயர் வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

காதல் வளர்ந்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் நாற்பது வருடமாக அந்த டிசம்பர் ராத்திரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த "தேவையில்லாத" என்கிற சொல்லைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் முதன்முதலில் ரவுண்ட்ஸ் போனது 1983இல், கல்லூரியில் இரண்டாம் வருடம். வேன் கிடையாது, மைக் கிடையாது. ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு முன்னால் போகும், சைக்கிள் கேரியரில் ஆர்மோனியத்தைக் கட்டி ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார், தபேலாவை ஓர் அண்ணன் பழைய பெட்ஷீட்டில் சுற்றித் தோளில் தொங்கப் போட்டிருப்பார், அவருக்குப் பின்னால் நாங்கள் இருபது இருபத்திரண்டு பேர். எங்கள் பக்கம் டிசம்பர் என்றால் மழை மாதம், தெருவில் தண்ணீர் கட்டிக் கிடக்கும், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாடுவோம். ஒரு வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், அப்புறம் பலகாரத் தட்டு வரும். பத்தாவது வீட்டுக்குமேல் யாராலும் தின்ன முடியாது, முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் கைக்குட்டையில் முடிந்து தம்பி தங்கைக்குக் கொண்டு போவோம். அம்மா அப்பா கூட வராத இடத்துக்கு நாங்கள் போகிற ஒரே சந்தர்ப்பம் வருடத்தில் அந்தச் சில ராத்திரிகள்தான், அதுவும் கொயர் மாஸ்டர் முன்னால் நடக்க, உபதேசியார் பின்னால் வர.

மாஸ்டருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மனைவி சீக்கிரமே இறந்துபோய் இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்தவர். குரல் தப்பினால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், நாங்கள் நடுங்கிவிடுவோம். கோயிலுக்கு நேர் பின்னால் இருந்த தெருவில் ஒரு டீச்சர் இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளாமல் வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டவர், எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர். ஒவ்வொரு வருடமும் எங்கள் கடைசி வீடு அவருடையதாகத்தான் இருக்கும். போய்ச் சேர்வதற்குள் தொண்டை கட்டிப் போயிருக்கும், ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சுக்குக் காப்பி போட்டு வைத்திருப்பார். கடைசிப் பாட்டு எது என்று மாஸ்டர் அவரைக் கேட்பார், அவர் சொல்வார், பாடுவோம், வீட்டுக்குப் போவோம். இதில் எங்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

தபேலா அண்ணன் கதை மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. நாங்கள் புராட்டஸ்டண்ட் சபை. எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் மாடியில் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. நாங்கள் கீழ் வீட்டில் பாடினால் அந்த வீட்டுப் பெண் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து கேட்கும். அந்த வீட்டில் மட்டும் அண்ணனுக்குத் தாளம் ஓடும். மறுவருடம் மாடி வீட்டுக்காரர்களும் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள், பெண்ணின் அம்மாவுக்குக் கீர்த்தனைகள் பிடித்துப்போய் அவரே சொல்லி அனுப்பினாராம். படிக்கு மேலும் கீழுமாக இருந்தவர்கள் அந்த வருடம் ஒரே வராந்தாவில் நின்றார்கள்.

அண்ணன் ஒரு கடிதம் எழுதினார். அதை அந்தப் பெண்ணிடம் கொடுக்கத் தைரியம் இல்லாமல், அந்தப் பெண் படித்த டீச்சரிடம், அதாவது எங்கள் கடைசி வீட்டு டீச்சரிடம், கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் அதைப் பிரிக்கவே இல்லை. "இத நான் குடுக்க மாட்டேன், உங்க மாஸ்டரக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் வந்தார். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள், அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக மாடி வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டார்கள். அண்ணனின் அப்பா கோபித்துக்கொண்டு எட்டு மாதம் பேசவில்லை, பெண்ணின் அப்பா பிள்ளைகளுக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மாஸ்டரும் டீச்சரும்தான் நடந்தார்கள். கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வெந்து நாட்களில் அவர்கள் கோயிலில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் 1986 ஜனவரியில் நடந்தது.

இதற்குள் எனக்கும் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். காணிக்கைப் பெட்டி என் பொறுப்பு. எந்த வீடு, எந்த நேரம், எவ்வளவு காணிக்கை என்று நோட்டில் எழுதுவது இன்னொருவர் பொறுப்பு. இரண்டு வருட ரவுண்ட்ஸிலும் அவர் என்னிடம் பேசியது "பெட்டியில எவ்வளவு?" என்கிற ஒரே கேள்விதான். ஒருநாள் கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தது. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைப்பையிலிருந்து போட்டு, கணக்குச் சரி என்று எழுதிவிட்டார். மறுநாள் பெட்டியின் அடித்துணிக்குள் அந்த ஐந்து ரூபாய் நோட்டு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் போய் அதை அவர் கையில் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா என்னைக் கேட்டார், சரி என்றேன். 1987 மே மாதம் எங்களுக்குக் கல்யாணம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தபோது மூன்று தடவையும் கொயரில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் காது சுட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மாஸ்டர் 1997இல் போய்ச் சேர்ந்தார். அந்த வருட ரவுண்ட்ஸைப் புதிதாகப் பொறுப்பேற்ற தம்பி நடத்தினார், நானும் துணைக்குப் போனேன். நல்ல பையன், ஒழுங்காகத் தெரு வரிசைப்படி பட்டியல் போட்டிருந்தார். கோயிலுக்குப் பின்தெரு என்பதால் டீச்சர் வீடுதான் முதல் வீடு. ஏழேகால் மணிக்குப் போய் நின்றோம். காப்பி அடுப்பில் ஏறியிருக்கவில்லை. டீச்சர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்து, "என்ன, இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீயளே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பாடினோம், ஜெபித்தோம், கடைசிப் பாட்டு எது என்று யாரும் கேட்கவில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் கணவரின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வருடத்து நோட்டுகள். ஒவ்வொரு வருடமும் முதல் பக்கத்தில் தெரு வரிசைப்படி டீச்சர் பெயர் ஒன்றாம் எண்ணில் எழுதப்பட்டு, ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டு, கடைசிப் பக்கத்தில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. பதினைந்து தடவை. இதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன். "மாஸ்டர் மாத்தச் சொல்லுவார், நான் மாத்துவேன், ஏன்னு கேட்டதில்ல" என்றார். கோயில் வாசலிலிருந்து நூறு அடியில் இருந்த வீட்டைத் தாண்டிப் போய், முருகன்குறிச்சியெல்லாம் சுற்றி, கால் ஓய்ந்து, மறுபடி அங்கே வந்து நின்றிருக்கிறோம், இருபத்திரண்டு பேரும், ஒரு மனிதர் வருடத்தில் ஓர் இரவு அவசரமில்லாமல் ஒரு வாசலில் நிற்பதற்காக. அவர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எனக்குத் தெரியாது. பையன்களுக்காக இருக்கலாம், அம்மாவுக்காக இருக்கலாம், ஊர் என்ன சொல்லும் என்றும் இருக்கலாம். அவர்களை யாரும் கேட்கவில்லை. மாடி வீட்டில் தபேலா அண்ணனுக்காகப் பெண் கேட்க ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்களே, அன்றைக்கு அவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று இப்போதும் நான் யோசிப்பேன்.

கடிதம் எழுதியவரைக் கேட்கிறேன், இதில் எது தேவையில்லாத காதல்?

சபைக்குக் கெட்ட பெயர் என்கிறார். அவர் நெல்லைக்காரர், கோட்டைப் பக்கம் இருக்கிற பாப்பாத்தியம்மாள் கோயில் அவருக்குத் தெரியாமல் இருக்காது. நெல்லைச் சீமையின் முதல் புராட்டஸ்டண்ட் கோயில் அது. கட்டியவர் தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை, கிளாரிந்தா. லிட்டில்டன் என்கிற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர், உடன்கட்டையிலிருந்து அவர்தான் காப்பாற்றினார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கிறிஸ்தவ விசுவாசத்தை அவரிடம்தான் கற்றுக்கொண்டார். முறைப்படி கல்யாணம் ஆகாததால் ஜெர்மன் மிஷனரியான ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையில் மொத்தம் நாற்பது பேர், அந்தப் பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் கோயில் பிரதிஷ்டை ஆனது, இன்றைக்கும் நிற்கிறது. நமக்கெல்லாம் தாய்ச்சபை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சபையின் முதல் பக்கத்திலேயே, அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாரும் தேவை என்று சொல்லியிருக்க மாட்டாத ஒரு காதல் இருக்கிறது. அதைப் பாடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்புறம் கேரல் போகிற பிள்ளைகளை மட்டும் சந்தேகமாகப் பார்ப்பது என்ன நியாயம்?

2023ஐயும் சொல்ல வேண்டும். தபேலா அண்ணனின் கடைசி மகள் அப்பாவின் சபைக் கேரல் குழுவிலும் வந்து பாடுவாள். ஏரல் பக்கத்துப் பையன் ஒருவன், இங்கே பாளையங்கோட்டையில் வேலை, எங்கள் கொயரில் கித்தார் வாசிப்பான். 2022 ரவுண்ட்ஸில் பழகினார்கள். இந்தத் தடவை அண்ணன் யாரையும் எட்டு மாதம் காக்க வைக்கவில்லை. 2023 டிசம்பர் 3, 10, 17 மூன்று ஞாயிறும் அவர்கள் கோயிலிலும் எங்கள் கோயிலிலும் ஓலை. கல்யாணம் 28ஆம் தேதி.

17ஆம் தேதி என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையிலிருந்து மழை. மூன்றாவது ஓலை வாசித்தபோது கோயிலில் முப்பது பேர்கூட இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செண்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி பொங்கிக் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் எல்லாம் தண்ணீருக்குள் போனது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளைப் பையன் கல்யாணச் சாமான் எடுக்கச் சனிக்கிழமைதான் ஊருக்குப் போயிருந்தான். ஞாயிறு ராத்திரியோடு போன் செத்துப்போனது. திங்கள், செவ்வாய், புதன், ஒரு தகவலும் இல்லை. ஏரலுக்குப் போக வழியும் இல்லை.

அந்த வாரம் எங்கள் சபையில் ரவுண்ட்ஸ் நடக்கவில்லை, ஆனால் ரவுண்ட்ஸ் பிள்ளைகள் வீட்டில் இருக்கவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், யாருக்குப் படியேற முடியாது, யார் வீட்டில் கைக்குழந்தை என்று அவர்களுக்குத்தான் தெரியும், வருடா வருடம் வாசலில் நின்று பாடியவர்கள் அவர்கள்தானே. பிரெட்டும் தண்ணீர்க் கேனும் மெழுகுவர்த்தியும் பாலும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தன. தெருமுனையில் நின்றுவிட்டுப் போகிற வேனுக்கு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? இதைக் கடிதக்காரர் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அந்தப் பிள்ளைகள் அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கல்யாணப் பெண் அவர்களோடு பகல் முழுக்கப் பொட்டலம் கட்டுவாள், ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். புதன்கிழமை நானும் இருந்தேன். அவளுடைய அம்மா, ஒரு காலத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்ட அதே பெண், இப்போது அறுபது வயது, "ஒரு பாட்டுப் பாடுங்கடா" என்றார். யாருக்கும் குரல் எழும்பவில்லை. அண்ணன் தபேலாவை எடுத்து வந்து உட்கார்ந்தார், அவர் தட்ட ஆரம்பித்த பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டோம்.

வியாழக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "நான் இருக்கேன், எல்லாரும் இருக்கோம்" என்று மட்டும் கேட்டது, கட்டாகிவிட்டது. அக்கம்பக்கத்து இரண்டு குடும்பத்தோடு மொட்டை மாடியில் இருந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு எடுத்த புடவை, சட்டைத் துணி எல்லாம் சேற்றில் போய்விட்டது. 28ஆம் தேதி குறித்தபடி கல்யாணம் நடந்தது. பெண் அம்மாவின் 1986 புடவையைக் கட்டிக்கொண்டாள். பந்தி இல்லை, காப்பியும் கேக்கும்தான். அந்தப் பிள்ளைகள்தான் பாடினார்கள், குரலெல்லாம் கரகரத்துப் போய்.

சரி, போக்குவரத்துக்கும் தூக்கத்துக்கும் வருகிறேன். இதில் கடிதக்காரர் பக்கம்தான் நானும். ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருடமே ஒலி மாசு விதிகளில் வந்துவிட்டது, நம் ஆட்களே அதை மதிப்பதில்லை. டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றி, ஆள் உயர ஸ்பீக்கர் வைத்து, பட்டாசு கொளுத்தி, கிறிஸ்மஸ் தாத்தாவை ஆட விட்டுப் போவது எனக்கும் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் இதய நோயாளி ஒருவர் இருக்கிறார், சென்ற வருடம் அவர் பட்டபாட்டைப் பார்த்தேன். ஆனால் அந்தத் தொல்லை வந்ததே வண்டியால்தான், அதற்கு இன்னொரு வண்டி மருந்தாகுமா? இருபது பேர் தொண்டையால் பாடினால் அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது. ஆறரைக்குத் தொடங்கட்டும், ஒன்பதரைக்கு முடிக்கட்டும். ஒரு ராத்திரிக்கு எண்பது வீடு என்று ஓடாமல் பதினைந்து வீடு போகட்டும், நாட்களைக் கூட்டிக்கொள்ளட்டும். நோயாளி இருக்கிற வீட்டில் முன்னாலேயே கேட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து மெதுவாக ஒரு பாட்டுப் பாடட்டும்.

பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பெரியவர்கள் நடக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். எங்களை அப்படித்தான் விட்டார்கள். எங்கள் சபையிலும் இந்த வருடம் வேன் வைக்கலாமா என்ற பேச்சு கமிட்டியில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதில் இருக்கிறவர்களில் மூன்று பேராவது ரவுண்ட்ஸில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்தவர்கள், எனக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் வாய் திறந்து பேச வேண்டும் என்பதற்காகவும்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கூட நடக்கப் பெரியவர்கள் கிடைப்பதில்லை என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முட்டி வலி இருக்கிறது, முழுதும் வர முடியாது, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மூன்று தெருக்களுக்கு வருகிறேன். நோட்டு எழுத என் கணவர் இப்போதும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை